ஆறு நிமிட நடை

படிவத்தில் அவர் முப்பத்தொன்று.
பெயர் எழுதக் கூடாது,
எழுதினால் நெறிமுறைக் குழு கேட்கும்.
இது படிவம் இல்லை:
மாசிலாமணி. புதுப்பேட்டை.
பழைய வண்டிகளைப் பிரித்து விற்றவர்.

ஒப்புதல் தாளை நான் வாசிக்க வாசிக்க
நகக்கண்ணில் இருந்த கிரீஸைச் சுரண்டியபடி கேட்டார்.
தொடையில் ஒரு துளை,
அதன் வழியே ரத்தக்குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாய்,
அதன் நுனியில் குடைபோல் மடித்த வால்வு.
சுண்ணாம்பு ஏறிய பழைய வால்வின் வாயிலேயே
போய் விரியும் என்றேன்.
"ஹெட்டைக் கழட்டாமலா?"
கழட்டாமல்தான்.
"சைலன்சர் வழியா உள்ள போயி?"
கிட்டத்தட்ட.
நம்பவில்லை.
நாற்பது வருடம் ஹெட்டைக் கழட்டிப் பிழைத்த கை.

இதழ்கள் மாட்டின் இதய உறையில் செய்தவை,
சிலருக்கு ஆட்சேபம் இருக்கும்,
சொல்லியாக வேண்டும் என்றேன்.
"ஞாயித்துக்கெழம தவறாம உள்ள போனதுதானே,
ஒத்துக்கும், எழுதிக்கம்மா."

இரண்டு வகை வால்வு. யாருக்கு எது என்பதை
டாக்டரும் தீர்மானிப்பதில்லை, நானும் இல்லை.
கணினி குலுக்கிப் போடும்.
"சீட்டுக் குலுக்கலா? எனக்கு ஒரு தபா கூட விழுந்ததில்ல."
சிரித்ததில் மூச்சு வாங்கியது.
அதையும் குறித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இரண்டு ஆரஞ்சுக் கூம்புகள்,
இடையே முப்பது மீட்டர்.
ஆறு நிமிடத்தில் நூற்று அறுபத்தெட்டு மீட்டர் நடந்தார்.
நான்கு முறை சுவரைப் பிடித்தார்.

கேத் லேபில்
பலூனை ஊதும் நேரம் இதயத்தை ஓடவிட்டே நிறுத்துவார்கள்:
நிமிடத்துக்கு நூற்றெண்பது.
அந்த வேகத்தில் துடிக்குமே தவிர
எதையும் தள்ளாது.
அழுத்தக் கோடு தரையோடு படுத்தது.
கண்ணாடிக்கு இந்தப்புறம் நான், கையில் ஸ்டாப்வாட்ச்.
பன்னிரண்டு நொடி.
பதின்மூன்றில் கோடு எழுந்து உட்கார்ந்தது.

முப்பதாம் நாள் முந்நூற்றுப் பத்து மீட்டர்.
சுவர் தேவைப்படவில்லை.

ஓராண்டுப் பரிசோதனைக்கு வரவில்லை.
போன் அணைந்திருந்தது.
வெள்ளிக்கிழமை கெடு. அதன் பிறகு
'தொடர்பில் இல்லை' என்ற கட்டத்தில் டிக் போடலாம்.
இருக்கிறாரா, போய்விட்டாரா
என்று அந்தக் கட்டம் கேட்காது.

புதுப்பேட்டையில், கூவம் ஓரம்,
வீடு இருந்த இடத்தில் கம்பிவேலி.
டயர்க் கடைக்காரர் தெற்கே கை நீட்டினார்:
"அல்லாரையும் பெரும்பாக்கத்துக்குத் தூக்கிட்டாங்க."

இரண்டு பஸ், ஒன்றரை மணி நேரம்.
ஒரே மாதிரிக் கட்டடங்கள்,
இங்கேயும் எல்லாருக்கும் எண்.
ஏழாவது மாடி.
லிஃப்ட் கதவில் யாரோ போர்வை காயப்போட்டிருந்தார்கள்.

நான்காம் மாடியில் நான் நின்றேன்.
வயது முப்பத்தாறு,
வால்வு நான்கும் சொந்தம்.

மேலே, குடத்தை இறக்கி வைத்துவிட்டு
அவரே கதவைத் திறந்தார்.
"லிஃப்டு போயி நாலு மாசம்.
காலைல ரெண்டு கொடம், சாயங்காலம் ரெண்டு.
வால்வு சூப்பரா கீது.
போனுதான் சேட்டுக் கடையில கீது."
கடை அங்கே, வீடு இங்கே;
பஸ்ஸுக்கே கூலி போய்விடும் என்று
வேலையை விட்டிருந்தார்.

பையிலிருந்து டேப்பை எடுத்தேன்.
பதினெட்டு மீட்டர்தான் வந்தது, நெறிமுறை முப்பது கேட்கிறது.
கூம்புக்குப் பதில் ஆளுக்கொரு செருப்பு:
என்னுடையது இந்த முனையில், அவருடையது அந்த முனையில்.
எதிர்வீட்டு அக்கா ஈரப் புடவையை ஒதுக்கிப் பிடித்தாள்.
இரண்டு பையன்கள் பின்னாலேயே நடந்தார்கள்,
சுற்று எண்ணி, தப்பாக.
முந்நூற்று நாற்பத்திரண்டு.

குறிப்புகளுக்கான கட்டத்தில்
'ஏழு மாடி, நான்கு குடம்' என்று எழுதினேன்.

திங்கட்கிழமை தரவுப் பிரிவிலிருந்து கேள்வி:
முப்பத்தொன்று. குறிப்பில் உள்ள எண்களுக்கு
ஆய்வில் இடமில்லை. தட்டச்சுப் பிழையா?

பிழை இல்லை என்று பதில் போட்டேன்.
நானும் ஏறினேன்.