சேறு நின்ற உயரம்

சுரங்கத்து அணை உடைந்த பதினாறாம் மாதம்
ஜண்டீரா ஒரு பழைய காமிராவோடு வந்தாள்.
பேட்டரி மூடி விழாமலிருக்க ரப்பர் பேண்ட்.

சிரிக்கச் சொல்லவில்லை.
"சுவரில் சேறு விட்டுப்போன கோட்டுக்குப் பக்கத்தில்
நில்லுங்கள், போதும்."

பிள்ளை வளர்வதைக் கதவுநிலையில்
கோடு கிழித்து அளப்போமே,
அப்படி நின்றோம்,
ஒரே பகலில் வளர்ந்த ஒன்றின் அருகில்.

பேக்கரி வால்டெசீருக்கு இடுப்பு வரை.
லிண்டௌராவுக்குத் தொண்டை வரை.
அவள் கழுத்துப் பொத்தானைப் போட்டாள்,
கழற்றினாள், மறுபடி போட்டாள்.
எனக்குத் தலைக்கு மேல் ஒரு முழம்.
அன்று கூரையில் இருந்தேன், அதனால் இருக்கிறேன்.
"கையை உயர்த்தித் தொடு" என்றாள்.
தொட்டேன்.
காய்ந்த இரும்புச் சிவப்பு விரலில் ஒட்டியது.
சட்டையில் துடைக்கத் தோன்றவில்லை.

முன்பு கம்பெனி ஆட்களும் படமெடுத்தார்கள்.
வீட்டுக்கொரு எண் எழுதி,
எங்களைக் கொஞ்சம் ஓரமாக நகரச் சொல்லி.

கண்காட்சி என்பது பெரிய வார்த்தை.
கால்பந்துத் திடலின் கோல் கம்பத்திலிருந்து
மாதா கோயில் மணித்தூண் வரை ஒரு துணிக்கயிறு.
படங்களின் விளிம்பு நேராக இல்லை.
ஒன்றை ஏற்றி, ஒன்றை இறக்கி,
நூல் நீட்டி, கிளிப் மாற்றி,
சேற்றின் கோடு மட்டும்
திடல் நெடுக ஒரே மட்டமாக ஓடும்படி
மாட்டியிருந்தாள்.

அந்தக் கோட்டுக்கு மேலே பாதி ஊர்,
கீழே பாதி ஊர்.

நெடுநேரம் யாரும் பேசவில்லை.
பிறகு வால்டெசீர்:
"மாவு பிசைந்து மூடி வைத்திருந்தேன்.
அதுதான் பொங்கி வழிகிறதென்று நினைத்து
திட்டிக்கொண்டே திரும்பினேன்."
யாரோ சிரித்துவிட்டார்கள்.
அவனும் சிரித்தான், முகத்தை மூடிக்கொண்டு.
அப்புறம் ஆளுக்கொன்று வந்தது:
நாயின் சங்கிலி, ஓடாத டிராக்டர்,
அலறாமலே இருந்த சைரன்.
இருட்டியும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

கயிற்றின் நடுவில் ஒரு படம்.
சுவர் இருந்தது, கோடு இருந்தது, ஆள் இல்லை.
ஒஸ்மரீனோவின் வீடு.
ஜண்டீராவின் வீடும் அதுதான்.

மறுநாள் காலை காமிராவை என்னிடம் நீட்டினாள்.
"பாதி அழுத்திப் பொறு. பிறகு முழுசாக."
போய் நின்றாள்.
கோடு அவள் கண்களுக்குப் பின்னால் போனது.
அழுத்தினேன்.

"கண்ணை மூடிவிட்டாய்,
இன்னொன்று எடுக்கட்டுமா?"

வாங்கிப் பார்த்தாள்,
ரப்பர் பேண்டைச் சரிசெய்தாள்.
"வேண்டாம்.
இதையே மாட்டு."