வினாத்தாள் எண் நாற்பத்தொன்று

பெயர் எழுதக் கூடாது என்பது விதி.
வயது பதினாறு. ஊசி தொடங்கி ஏழு வருடம்,
நாளைக்கு நான்கு.
மொத்தம் எத்தனை என்று தாளில் கேள்வியில்லை.
அவளே பெருக்கிப் பார்த்து
பத்தாயிரம் தாண்டிடுச்சுக்கா என்றாள்.

திருத்துறைப்பூண்டியில் இறங்கி மினிபஸ் ஏறி
அதுவும் நின்ற இடத்திலிருந்து
வாய்க்கால் கரையோடு நடந்து போயிருந்தேன்.
ஆடி பாதி. வாய்க்கால் நடுவில்
ஒரு நாய் படுத்திருந்தது.

"கடந்த நான்கு வாரங்களில்
உங்கள் நோய் காரணமாக
உணவருந்தும் நிகழ்வுகளில் சங்கடமாக உணர்ந்தீர்களா?"

எங்கோ ஆங்கிலத்தில் பிறந்த வாக்கியம்.
தமிழாக்கி, மறுபடி ஆங்கிலமாக்கி,
பொருள் மாறவில்லையென்று
ஐந்து பேர் கையெழுத்திட்டோம்.
இரண்டு முறை படித்தாள்.
கல்யாணப் பந்தியா?
ஆமாம், அதுதான்.
"பாயசம் ஊத்த வந்தவர்கிட்ட
இவளுக்கு வேணாம்னு அம்மா சொன்னுச்சு.
வரிசையே திரும்பிப் பாத்துச்சு.
ஒரு தடவைதானே. அப்ப அரிதாகவா?"

அரிதாக என்றால் ஒன்று.

மருந்தைப் பாதுகாப்பதில் சிரமம் உண்டா?
"புயலடிச்ச வருசம் இருவத்திமூணு நாள் கரண்ட் இல்ல.
பானைக்குள்ள பானை வச்சு
நடுவுல ஈரமணல் கொட்டி
மருந்த அதுல வச்சிருந்தோம்.
ராத்திரி எழுந்து எழுந்து மணலுக்குத் தண்ணி தெளிக்கும் அப்பா.
ஆனா அது நாலு வாரத்துக்குள்ள வராதே."
அவளாகவே பூஜ்யத்தில் டிக் அடித்தாள்.

தூக்கம்?
"நான் நல்லா தூங்குறேன்.
அம்மாதான் ரெண்டு மணிக்கு
கழுத்துல வேர்த்திருக்கான்னு தொட்டுப் பாக்கும்."
அம்மாவுக்கு இந்தத் தாளில் வரிசையில்லை.
அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

பக்கிரிசாமி, பாசனத்துறையில் லஸ்கர்,
சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.
காலையும் மாலையும்
ரெகுலேட்டர் தூணில் கறுப்பு வெள்ளையில் எழுதிய அடிக்கணக்கைப் படித்து
போனில் மேலே சொல்வது அவர் வேலை.
தண்ணீர் எவ்வளவு என்றேன், பேச்சுக்கு.
மூன்றரை அடி காட்டுது.
இங்கே?
இங்க இன்னும் வரல.
செம்பை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

பதினெட்டாம் கேள்வி தாண்டியதும்
அவள் பேச்சு நின்றுவிட்டது.
எப்போதும். எப்போதும். எப்போதும்.
கட்டத்தை விட்டு வெளியே போகிற டிக்குகள்,
தாளைக் கிழிக்கிற மாதிரி.
கோபமாக இருக்கிறாயா?
இல்ல, என்றாள் கோபமாக.
பிறகு பேனாவை வைத்துவிட்டு
விரலைக் குத்தி, பட்டையில் தொட்டு,
ஐந்து நொடி.
ஐம்பத்திரண்டு.
பாவாடைப் பையிலிருந்து கமர்கட் இரண்டு,
கடிக்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு
சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.
நானும் சுவரைப் பார்த்தேன்.
ஸ்கூல் கோகோ சர்டிபிகேட், ஒரு பல்லி.

கால்மணி கழித்துச் சிரித்தாள்.
"அக்கா, அந்த ஆறு டிக்கும் நான் போடல.
லோ சுகர் போட்டுச்சு. அழிச்சிரவா?"

எங்கள் கையேட்டில் இதற்குப் பக்கம் இல்லை.
அழி என்றால் ஒருத்தியை அழிக்கிறேன்.
வேண்டாம் என்றால்
இப்போது சிரிக்கிறவளிடம் என்ன சொல்வது?
அவளே தாளை இழுத்து, யோசித்து,
"சரி, இருக்கட்டும். அதுவும் நான்தான் போல" என்றாள்.
உடனே ஒன்றை மட்டும் அழித்தாள்.
எதையென்று சொல்லமாட்டேன்.

கடைசிக் கேள்வி: மொத்தத்தில் உங்கள் வாழ்க்கை
எப்படி இருக்கிறது?
"எதோட வச்சுப் பாக்குறது?" என்றாள்.
எதையோ டிக் அடித்தாள்.
மூன்றாம் பக்க ஓரத்தில் லோகப்பிரியா என்று எழுதி
கீழே வாத்து ஒன்று வரைந்தாள்.
(அது அவள் பெயரில்லை.
எழுதியதை மாற்றி இங்கே வைத்திருக்கிறேன்.
வாத்து நிஜம்.)

எனக்கு எவ்ளோ மார்க்?
இது பரீட்சை இல்லை என்றேன்.
"அப்ப எதுக்கு நம்பர்?"

மினிபஸ் மடியில் கூட்டிப் பார்த்தேன்.
நூற்றுக்கு அறுபத்திநான்கு.
மருத்துவக் கல்லூரியில் தாள்களை ஸ்கேன் எடுத்தபோது
ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது.
பெயர் இல்லை, விதிப்படி.
வாத்தின் கால்கள் இரண்டு மட்டும்
இருபத்தியிரண்டாம் கேள்விக்குப் பக்கத்தில்
நின்றுகொண்டிருக்கின்றன.