வாடகை பேண்ட்

மேயோ ஹாலுக்கு எதிர்ச்சந்தில்
என் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் ஓர் ஆணி.
ஆணியில் ஒரு பேண்ட்.
பழுப்பு நிறம், இடுப்பு முப்பத்தெட்டு,
நாடா கோத்திருப்பதால் எந்த வயிற்றிலும் நிற்கும்.
நகலுக்குப் பக்கம் ரெண்டு ரூபாய். பேண்டுக்கு இருபது.
அடமானம், அவரவர் லுங்கி.

போர்டு வைத்ததில்லை.
கோர்ட் வாசலில் டவாலி போட்டவர்
"லுங்கியல்லி ஒளகே பர்பேடி" என்று சொல்லி
சந்துப் பக்கம் தாடையை அசைப்பார்.
அவ்வளவுதான் விளம்பரம்.

செக் மோசடி, ஜீவனாம்சம்,
கே.ஆர். புரத்து ரெண்டடிச் சுவர்த் தகராறு,
எல்லாவற்றிலும் ஆஜரான பேண்ட்.
பதினோரு வருஷப் பிராக்டிஸ்.
சாயங்காலம் உதறினால் பையிலிருந்து ஏதாவது விழும்:
பஸ் டிக்கெட், பாதி பீடி,
ஒருமுறை காகிதத்தில் சுற்றிய ஒரு பால்பல்.
அன்றைக்குப் போட்டுப் போனவன்
பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்ற வழக்குக்காரன்.
கேட்டு வருவான் என்று
மெஷின் டிராயரில் இன்னும் வைத்திருக்கிறேன்.

சென்றாயன் ஏப்ரலில் வந்தான்.
ஹெண்ணூரில் சாரம் சரிந்து நொறுங்கிய கால்.
முட்டிக்குக் கீழே எலும்பிலிருந்து வெளியே துருத்தி
நாலு கம்பி, ரெண்டு வளையம்,
கான்கிரீட் போடாமல் விட்டுப்போன தளம் மாதிரி.
லுங்கியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான்.
"இதுக்கு மேல எதண்ணே மாட்றது?"

நஷ்ட ஈட்டுக் கேஸ்.
கேஸே அந்தக் கால்தான்.
காலோடு வா என்று சம்மன்.
காலை மூடிக்கொண்டு வா என்று வாசல்.

கூட வந்த வனமாலா வக்கீலுக்கு முப்பது வயதிருக்கும்.
அந்த வெயிலில் கறுப்புக் கோட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டை,
அக்குளில் உப்பு பூத்திருந்தது.
"விலக்குக் கேட்டு மனுப் போடலாம்.
மனுவுக்கு ஒரு வாய்தா.
மனுவுக்கு ஆட்சேபம் வந்தா அதுக்கு ஒரு வாய்தா."
விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனவள்
பாதியில் நிறுத்தினாள்.
பதினொன்றே முக்காலுக்கு அவன் நம்பர்.
மணி பதினொன்றரை.

பேப்பர் வெட்டுகிற பிளேடை எடுத்தேன்.
இடது காலின் வெளித்தையலைக்
கணுக்காலிலிருந்து முட்டிவரை,
போதவில்லை, தொடைவரை
பிரித்தேன்.
துணியைக் கம்பிகளுக்கு வெளியே சுற்றவிட்டு
கேஸ் கட்டுக் கட்டும் சிவப்பு நாடாவால்
நாலு இடத்தில் முடிச்சு.
சென்றாயன் குனிந்து பார்த்தான்.
"என்னையும் ஃபைல்ல போட்டுட்டீங்க."
சிரித்தோமா, ஞாபகமில்லை.

போனார்கள்.
ஊன்றுகோல் சத்தம் ரோட்டைத் தாண்டும்வரை கேட்டது.
அவன் லுங்கி என் ஸ்டூலில்.
நீலக் கட்டம். துவைத்தும் போகாத சிமெண்ட்.
ஓரத்தில் மஞ்சளாய் மருந்துக்கறை.
மடித்து வைத்தேன். மறுபடி பிரித்து மடித்தேன்.

பன்னிரண்டு ஐந்துக்குத் திரும்பிவிட்டார்கள்.
எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லையாம்.
ஜூன் பதினேழு.

"ஜட்ஜய்யா காலைப் பாத்தாரா?"
"நிமிரவே இல்லண்ணே.
பேரு கூப்ட்டாங்க. கையத் தூக்குனேன்.
தேதி சொன்னாங்க."
டவாலிக்காரர் மட்டும் வாசலில்
முடிச்சுகளை ஒன்று, ரெண்டு என்று பார்த்தாராம்.
ஒன்றும் சொல்லவில்லையாம்.

இருபது ரூபாயை நீட்டினான்.
வாங்கவில்லை என்று எழுதினால் நன்றாயிருக்கும்.
வாங்கினேன்.
தையல் கூலி நாற்பது ஆகும்.

ஆனால் தைக்கக் கொடுக்கவில்லை.
சிவாஜிநகர்ப் பழந்துணிக் கடையில் இன்னொன்று பிடித்தேன்.
கறுப்பு. இடுப்பு நாற்பது.
இன்னும் எந்தக் கூண்டும் ஏறாத விறைப்பு அதற்கு.

நேற்று ஒருவன், அவசரக்காரன்,
ஆணியைப் பார்த்துக் கேட்டான்:
"கிழிஞ்சத எதுக்கு மாட்டி வெச்சிருக்கீங்க?"

பையில் நாலு நாடாவும் இருக்கிறதா என்று
தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னேன்:
"அது பதினேழாந்தேதிக்குப் புக் ஆயிருக்கு."