கொடி விழுந்த இடங்கள்

சார்ல்ஸ்டனில் என்ன பார்க்கலாம் என்று
என்னிடம் யாரும் கேட்பதில்லை.
தண்ணீர் லாரிக்குப் பின்னால்
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸோடு நிற்பவனிடம்
கழிப்பறைக்குத்தான் வழி கேட்பார்கள்.

நீங்கள் கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

காலையில் குதிரைவண்டி ஏறுங்கள்.
எந்த வண்டி எந்தத் தெருவுக்கு என்பதைக்
கூண்டில் உருளும் பந்துதான் முடிவு செய்யும்.
பணம் உங்களுடையது, ஊர் பந்தினுடையது.
டெல்ஃபீன் ஓட்டும் வண்டி கிடைத்தால் அதிர்ஷ்டம்.
வெள்ளைத் தூண்களைக் காட்டி
யார் யாரை மணந்தார், யார் எந்தப் புயலில் செத்தார் என்று
அவள் சொல்லிக்கொண்டே வரும்போது
குதிரை தன்பாட்டுக்கு நின்று
மூத்திரம் பெய்யும்.
கதையை நிறுத்தாமல்
ஒரு சின்னக் கொடியைத் தெருவில் வீசுவாள்.
ரேடியோவில் தெருப்பெயர் சொல்வாள்.
அங்கே நான் போவேன்.

பதினாறு வருடமாக இந்த ஊரை
நான் இப்படித்தான் பார்க்கிறேன்.
என் பட்டியல் கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கும்.

அந்தக் குதிரையின் பெயர் கர்னல்.
சிலைகளைக் கண்டால்தான் அதற்கு முட்டிக்கொண்டு வரும்.
இதை நான் மேலிடத்துக்கு எழுதவில்லை.

தாழ்வாரங்களில் அண்ணாந்து பாருங்கள்,
கூரையின் அடிப்பக்கம் நீலம்.
ஆவிகள் அதைத் தண்ணீரென்று நம்பித் தாண்டாதாம்.
குளவியும் கூடு கட்டாதாம்.
எங்கள் வீட்டிலும் நீலம்தான்.
குளவி கட்டியிருக்கிறது.

அவித்த நிலக்கடலை வாங்குங்கள்.
பையின் அடி நைந்து கிழிவதற்குள் தின்றுவிடுங்கள்.
இறாலும் சோளக்கூழும் வேண்டுமானால்
வாசலில் வரிசை நிற்கும் கடை வேண்டாம்.
பாலத்துக்கு அந்தப் பக்கம், டயர் கடையை ஒட்டி,
பெயர்ப்பலகை இல்லாத ஜன்னல்.
ஒருமுறை தட்டினால் போதும்.
இரண்டுமுறை தட்டினால் கோபித்துக்கொள்வாள்.

பௌர்ணமியை ஒட்டி வந்தால் செருப்பைக் கையில் எடுங்கள்.
ஒரு பொட்டு மழை இல்லாமல்,
வெயில் பளீரென்று அடிக்கும்போதே
சாக்கடை வாய்வழியாகக் கடல் தெருவுக்கு ஏறும்.
ஒருநாள் என் பூட்ஸுக்கிடையே
விரல் நீள மீன்குஞ்சு ஒன்று
ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் போனது.
அன்று எனக்கு வேலையில்லை.
கடலே கழுவிக்கொண்டது.

அப்புறம்,
சர்ச் தெருவில் ஒரு பக்கச் சுவர்.
வரைபடத்தில் இருக்காது.
இடுப்புக்குக் கீழே, குழந்தைகள் உயரத்தில் பாருங்கள்.

போன ஏப்ரலில் ஒஹையோவிலிருந்து வந்த ஒரு சிறுமி
நான் குழாயைச் சுருட்டும் நேரத்தில்
அதைக் கண்டுபிடித்தாள்.
செங்கல்லில் இரண்டு பள்ளங்கள்.
தன் விரல்களை வைத்தாள்.
அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தன.

"ஈரமா இருக்கும்போது யார் தொட்டது?"
உன் வயசுப் பிள்ளைங்க.
"விளையாடும்போதா?"
இல்லை. அவங்களுக்கு அது வேலை.
செங்கல்லைக் காயவைக்கப் புரட்டிப் போடணும்.
"காசு கொடுத்தாங்களா?"

அவள் அம்மா போனை உயர்த்தினாள்.
உயர்த்தியபடியே இருந்தாள்.
படம் எடுத்தாளா, தெரியாது.

காசுக்கு அவங்களையேதான் வித்தாங்க, என்றேன்.
இதைவிட மெதுவாகச் சொல்ல
எனக்கு வார்த்தை அமையவில்லை.

ரேடியோ கரகரத்தது:
மஸீக், லெகாரே தெரு, மறுபடியும் கர்னல்.
(லெகாரே என்று எழுதுவோம், லெக்ரீ என்று படிப்போம்.
வழி கேட்கும்போது ஞாபகம் இருக்கட்டும்.)
லாரியை எடுத்தேன்.
கண்ணாடியில் பார்த்தேன்,
விரலை எடுக்காமலே நின்றிருந்தாள்,
அழைப்புமணியை அழுத்திவிட்டு
யாரோ கதவைத் திறக்கக் காத்திருப்பவள்போல.

வேறென்ன?
அந்தியில் துறைமுகப் பக்கம் காற்று நன்றாக இருக்கும்.
டிப்ஸை டெல்ஃபீனிடம் கொடுங்கள், எனக்கு வேண்டாம்.
நடுத்தெருவில் கொடியைக் கண்டால் மட்டும்
தொடாதீர்கள்.
நினைவுக்கு என்று சிலர் எடுத்துப் போய்விடுகிறார்கள்.
அப்புறம் எந்த இடம் என்று
எனக்குத் தெரியாமல் போகிறது.