இரண்டாம் பிளேயர்

பதினான்கு மாதச் சீட்டு.
கழிவு போகக் கையில் வந்ததைக்
காசாகவே எண்ணி வைத்தேன் ஃபஸ்மில் கடை மேசையில்.
ஹட்டனிலிருந்து நோர்வூட் வரை
பெட்டி மடியில்.
"பிள்ளைக்குப் பால்மாவா தம்பி?" என்றார் கண்டக்டர்.
ஆமென்றேன்.
எங்களுக்குப் பிள்ளை இல்லை. அது அவருக்கு எதற்கு?

திறந்ததும் ஒரு வாசம்.
தலையணையில், சோற்றில், என் நகக்கண்ணில்கூடத்
தேயிலைத் தூள் மணக்கும்.
அது மணக்காத ஒரு சாமான்
எங்கள் காம்பராவுக்குள் நுழைந்தது இதுதான் முதல்.
என்ன வெள்ளை!
புகை ஏறிய சுவரோரம் வைத்தபோது
புது நர்ஸ் ஒருத்தி
லயம் மாறி வந்து நிற்பது போலிருந்தது.

எந்த நாடு என்று கேட்டது.
உருட்டினேன்.
ஸ்பெயின். அடுத்து நேரே சுவீடன்.
இடையில் நாங்கள் இருந்திருக்க வேண்டும்.
மேலே போய் மறுபடி உருட்டினேன்,
யாரோ அதற்குள் சேர்த்துவிடுவார்கள் என்பதுபோல.
"நம்ம ஆளுகளுக்கு இது புதுசா?"
அடுப்படியிலிருந்து அமிர்தம்.
இந்தியா என்று அழுத்தினேன்.
பெயர் வந்த அன்று கப்பலுக்குப் போகாமல்
பத்தாம் நம்பர் மலையில் மூன்று நாள்
ஒளிந்து கிடந்தாராம் என் தாத்தா.
நான் ஒரு பொத்தானில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அடுத்தது பெயர்.
மோகன்ராஜ்: வேறொருவர் எடுத்துவிட்டார்.
மோகன்ராஜ் ஹட்டன்: அதையும்.
எவன் அவன்? பக்கத்து டிவிஷன்காரனா?
நம்பர் சேர்த்துக்கொள் என்றது.
செக்ரோலில் உள்ளதையே கொடுத்தேன். 318.
உடனே கதவு திறந்து வரவேற்றது.
இந்த நம்பரைச் சொல்லி
இப்படி ஒரு வரவேற்பு
நான் எந்த ஆபீஸிலும் வாங்கியதில்லை.

பிறகு, விளையாட விடுமா?
நாற்பத்தொரு ஜிபி வேண்டுமாம் அதற்கு.
சிக்னல் கொய்யா மரத்தில்தான் நிற்கும்.
போனைப் பாண் பையில் சுற்றிக்
கிளையில் கட்டினேன்.
மழை வந்தது. மூன்று வீதம்.
மழை விட்டது. நான்கு.

காத்திருக்கும் நேரத்துக்கென்று
உள்ளேயே ஒரு சின்ன விளையாட்டு வைத்திருந்தார்கள்.
குள்ளன் ஒருவன் நடக்கிறான்.
மணலில் நடந்தால் உள்ளங்கையில் மணல்,
தூறலில் நின்றால் விரல் நுனியில் தூறல்.
ரோலர் மெஷின் அதிர்ந்து அதிர்ந்து
மரத்துப்போன கை என்னுடையது.
அதற்குள்ளும் இவ்வளவு மெல்லிசாய் ஒன்று புகுமா?
சத்தத்தைக் கூட்டினேன்.
மேலே தகரத்தில் நிஜ மழை.
ஒன்றும் கேட்கவில்லை,
கையில் மட்டும் பெய்தது.

"புடிச்சுப் பாரு" என்றேன்.
அமிர்தம் ஈரக்கையைச் சேலையில் துடைத்து வாங்கினாள்.
"ஐயோ, கோழிக்குஞ்சு மாதிரி துடிக்குது."
திருப்பித் தந்துவிட்டாள்.
"இந்தக் காசுக்குக் கூரை மாத்தியிருக்கலாம்"
என்று அவள் சொல்லவில்லை.
கூரையைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அப்போதுதான் கரண்ட் போனது.
காசல்ரீ நிறையத் தண்ணீர்,
எங்கள் ஜன்னலிலிருந்தே தெரியும்.
அரை மணியில் வெளிச்சம் வந்ததும்
மெஷின் கண்டித்தது:
நீங்கள் என்னை முறையாக அணைக்கவில்லை.
நான் அணைக்கலப்பா என்று
வாய்விட்டே சொன்னேன்.

அறுபத்தொன்றில் விட்டுவிட்டு
இரவு வேலைக்குப் போனேன்.

விடிய வந்தால்
டிவி எரிகிறது. தேநீர் ஆறிக்கிடக்கிறது.
திரையில் என் நம்பருக்குக் கீழே
இரண்டாம் பிளேயர்: அமிர்வள்ளி.

"'த' எங்க?"
"கிளாக்கர் தின்னுட்டான்ல, பொறந்த பதிவுல.
ஐடென்டிட்டி கார்ட்லயும் அதானே.
அப்படியே அடிச்சேன்."
"நம்பர் கேக்கலியா?"
"என்ன நம்பர்?
ஒடனே எடுத்துக்கிச்சு."

பிள்ளைமடுவத்துக்கு நேரமாகிவிட்டது அவளுக்கு.
செருப்பை மாட்டிக்கொண்டே வாசலில் திரும்பி,
"அந்த ஆத்துக்கிட்டயே நின்னுட்டியே,
பாலம் மேல இருக்கு" என்றாள்.

சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து
குள்ளனை அண்ணாந்து பார்க்க வைத்தேன்.
மேலேதான் இருந்தது.