தலைதட்டும் கோல்

சீலோவாம் குளத்துக்கு இறங்கும் படிகளின் இடப்பக்கம்
எங்கள் வீடு.
எங்கள் என்றால் யாருடையது என்று
இப்போது சொல்லத் தெரியவில்லை.
முன்பு அது செம்புக்கொல்லன் தேயோதியோனுடையது.
இன்னும் அவன் அங்கேதான் படுக்கிறான்,
கதவோரம், பிந்தி வந்தவனைப் போல.

மாலையில் முற்றத்தில் வரிசை நிற்கும்.
நான் படியளக்கிறேன்.
செலாம்சியோன், கூலிக்கு அறுத்தவள்.
எழுத்துத் தெரியாது, எண்ணிக்கை தவறாது
என்று படியை என் கையில் கொடுத்தார்கள்.
வாற்கோதுமை ஒரு படி, பயறு கைப்பிடி,
எண்ணெய் இருந்தால் ஒரு விரற்கடை.
கிரேக்கம் பேசும் எயிரேனா
என் பெயரை ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை.
அவளுக்கும் குவித்துத்தான் அளப்பேன்.
கூம்பிலிருந்து உருளும் மணிகளை
அவள் நாடியால் அணைத்துக்கொண்டு போவாள்.

எலியோனாய் நிலம் விற்ற நாள் நினைவிருக்கிறது.
கீதரோன் பள்ளத்துக்கு அப்பால் நாற்பது ஏர் நிலம்
தீருவின் வெள்ளிக்காசாகி ஒரு தோல்பைக்குள் வந்தது.
அவர் அதைத் தரையில் வைத்த ஓசையில்
பார்வையில்லாத யாக்கீம்
"யார் விழுந்தது?" என்றான்.
எல்லோரும் சிரித்தோம். அவரும்.
பிறகு கழுதைமேல் வந்தன மற்றவை:
இரண்டு சால், கிழிந்த சல்லடை, ஆட்டுத்தோல்கள்,
இந்தப் படி,
படிக்கு உரிய தலைதட்டும் கோல்.

கோலை எனக்குத் தெரியும்.
ஒலிவமரம், ஒரு முனை கறுத்தது.
பதினோரு அறுப்பு அதன் கீழ் நின்றிருக்கிறேன்.
களத்தில் பொழுது சாயும் நேரம்
படியின் விளிம்பில் சர்ரென்று போகும்.
கூம்பு சரிந்து அவர் குவியலுக்கே திரும்பும்.
ஒருமுறை, இடுப்பில் பிள்ளை அழ,
உதிர்ந்ததைப் பொறுக்கக் குனிந்தேன்.
கோல் என் விரல்மேல் வந்து நின்றது.
அடிக்கவில்லை. நின்றது.
எங்களுக்குப் படியளப்பவர் என்றுதான்
அன்றும் அவரைச் சொன்னோம்.

மழை பொய்த்த இரண்டாம் ஆண்டு,
பைகள் எல்லாம் தட்டையான பின்,
அவர் வரிசைக்கு வந்தார். கடைசியில் நின்றார்.
கிண்ணத்தை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல்
கவிழ்த்துப் பிடித்திருந்தார்.
கொடுக்கத் தெரிந்த கை.
வாங்க அதை யாரும் பழக்கவில்லை.

எனக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தது கோல்.
அன்றுவரை நான் அதைத் தொட்டதில்லை.

சர்ர்.

முற்றத்தில் வேறு யாருக்கும் அந்த ஓசை தெரியாது.
அவர் கிண்ணத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.
"போதும்" என்றார்.
போதாது. அவர் வீட்டில் மூன்று பேர்.

இரவு அப்பம் பிட்டபோது
என் துண்டு தொண்டையில் நின்றது.
மனந்திரும்பினேன் என்று சொல்லமாட்டேன்.
கோபம் அப்படியே இருந்தது.
பதினோரு அறுப்பின் கணக்கும் இருந்தது,
மணி மணியாக.
வீடில்லை, நிலமில்லை, கொண்டுவர ஒன்றுமில்லை,
மடியில் கனமில்லை என்று
நிமிர்ந்து உள்ளே நுழைந்தவள் நான்.
கனம் இருந்தது.
அதை மட்டும் நான் பொதுவில் வைக்கவில்லை.

மறுநாள் கோலைக் காணோம்.
பயறு வெந்த அடுப்பில்
சாம்பலுக்குள் ஒரு கறுத்த முனை.
அது முன்பே கறுத்த முனையா,
இப்போது கறுத்ததா, தெரியவில்லை.
அன்று அடுப்பு முறை
எயிரேனாவுக்கும் எலியோனாய்க்கும்.
எயிரேனாவுக்கு எரிவதெல்லாம் விறகு.
கேட்டேன். கிரேக்கத்தில் நீளமாக ஏதோ சொன்னாள்.
அவர் குனிந்து ஊதிக்கொண்டிருந்தார்,
கண்ணெல்லாம் புகை.

மாலை.
அவர் கிண்ணம் இம்முறை நிமிர்ந்திருந்தது,
இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.
படியை அழுத்தி முகந்தேன்.
கை நடுங்கியது, வயதா வேறெதுவுமா.
சில மணிகள் தரையில் சிதறின.

இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம்.