ஒன்று கூடுதல்

ஏட்டில் பன்னீராயிரத்து இருநூற்று எண்பத்தெட்டு.
களத்தில் பன்னீராயிரத்து இருநூற்று எண்பத்தொன்பது.
நான் ஒரு தடவை, பக்கிரிசாமி ஒரு தடவை,
மழைக்கு முன்னால் இருவரும் சேர்ந்து ஒரு தடவை
எண்ணியாயிற்று.

எடையூர் கொள்முதல் நிலையத்தில்
ஒரு மூட்டை குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
கூடினால் என்ன செய்வார்கள் என்று
எனக்கு முன் இருந்த பில் கிளார்க்கைத்தான் கேட்க வேண்டும்.
அவர் சஸ்பென்ஷனில் இருக்கிறார்.

லாரி வராத நாலாம் நாள்.
தார்ப்பாய் மேல் மாசி மாதத்துக் கெட்ட மழை.
ஈரப்பதக் கருவியை டிபன் பைக்குள் சுருட்டிவிட்டு
பழைய பட்டியல் தாளின் முதுகில்
வகுக்கத் தொடங்கினேன்.
படித்தது எம்.எஸ்சி. கணிதம். பார்ப்பது பருவகால வேலை.

எண்பத்தெட்டு என்றால் லேசு.
இளகிய எண் அது, கேட்டவர்க்கெல்லாம் வகுபடும்.
பன்னிரண்டு இரண்டுகளைப் பெருக்கி, மேலே ஒரு மூன்று.
ஆயிரத்து இருபத்துநாலு வீதம் பன்னிரண்டு அட்டி.
இல்லையா, தொண்ணூற்றாறு வரிசை,
வரிசைக்கு நூற்றிருபத்தெட்டு.
மொத்தம் இருபத்தாறு வகுத்திகள்.
தன்னை விட்டு மற்றதைக் கூட்டினால்
இருபதாயிரத்து நானூற்று எழுபத்தாறு.
தன்னைவிடப் பெரிய தொகை.
மிகை எண் என்று பெயர்.

அதன் தலையில் ஒரே ஒரு மூட்டையை வை.

ஏழால் வகுத்தேன், மீதி நான்கு.
பதினொன்றால், இரண்டு.
பதினேழு பதினைந்தை மிச்சம் வைத்தது;
பத்தொன்பதும் அதே பதினைந்தை,
பேசி வைத்துக்கொண்டது போல.
நூற்றொன்பது வரைக்கும் போனேன். எண்பத்தொன்று.
இருபத்தொன்பது பகா எண்களும் கைவிரித்தன.
அதற்கு மேல் போக வேண்டியதில்லை.

பகா எண்.
எத்தனை வரிசை கட்டினாலும் ஏதாவது பிதுங்கும்.
தலையும் காலுமாய் ஒற்றை வரிசையில் படுக்கவைத்தால்
முத்துப்பேட்டை பக்கம் அலையாத்திச் சேற்றில்
போய் நிற்குமோ என்னவோ.
வகுத்திகளில் தன்னைக் கழித்தால் கையில் ஒன்று.
குறை எண்.
ஒரு மூட்டை வந்து சேர்ந்ததால்
ஏழையாகிப்போன எண்ணை
அன்றுதான் நெல்லில் பார்த்தேன்.

பிறகு, மழை சற்று விட்டபோது, அது அசைந்து கொடுத்தது:
நூற்றெட்டின் வர்க்கம், இருபத்தைந்தின் வர்க்கம்.
இரண்டையும் கூட்டினால் அச்சாக அதே எண்.
வேறெந்த இரண்டு சதுரமும் அதற்கு ஒத்துவராது.
ஒரு பெரிய களம், ஓரத்தில் சின்னக் களம்.
வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன் போல.
பக்கிரிசாமி டார்ச் அடித்தான்.

அந்த வெளிச்சம் தவறிப்போய் விழுந்த இடத்தில்
தார்ப்பாய் விலகியிருந்தது.
மற்றதெல்லாம் மிஷின் தையல், பச்சை நூல்.
ஒன்று மட்டும் கோணி ஊசித் தையல்,
சேலைக்கரையைக் கிழித்துத் திரித்த சிவப்பில்.

மாரிக்கண்ணு.
தூற்றும் மிஷினுக்கும் தராசுக்கும் நடுவே
ஐம்பது நாளாய் விளக்குமாற்றோடு குனிந்தவள்.
கொக்கி கிழித்த சாக்கிலிருந்து சிந்தியது,
லோடுமேன் காலில் ஒட்டிப் போய் உதிர்ந்தது,
கல் பொறுக்கி, புடைத்து, நாற்பது கிலோ.
எந்த வயலென்று சொல்ல முடியாத நெல்.

காலையில் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.
"ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டீங்களாமே.
வகுபட்டுச்சா?"
"இல்ல. தன்னாலயும் ஒண்ணாலயும் மட்டுந்தான் வகுபடும்."
விளக்குமாற்றைத் தரையில் தட்டிச் சீராக்கினாள்.
"எந்த ஒண்ணால?"

ஹாஜா மைதீன் லாரியைப் பின்னுக்கு எடுத்து
எண்ணச் சொன்னபோது
களத்தில் எண்பத்தெட்டு.
ஏட்டில் அடித்தல் திருத்தல் இல்லை.
வாய்க்கால் கரையில் ஒரு சைக்கிள்
பின்பாரத்தில் முன்சக்கரம் தூக்க,
ஏறாமல், தள்ளிக்கொண்டே போனது.